அவனும் வேண்டாம், அவளும் வேண்டாம்: நம்ம ஊர்ப் பேச்சில் எப்படிச் சொல்ல வைக்க?

பேட்டைப்பிள்ளை:

வணக்கம் மக்கா. வயசு 24, ஊர் திருநெல்வேலி பேட்டை. பிறந்தப்போ பெண்ணுன்னு எழுதினாவ. நான் பெண்ணும் இல்ல, ஆணும் இல்ல. அது எனக்குள்ள முடிஞ்ச விஷயம், அதைப் பத்தி விவாதம் வேண்டாம். கேக்க வந்தது பேச்சு சம்பந்தமா.

ஆங்கிலத்துல ஒரு சொல்லை மாத்திட்டா வேலை முடிஞ்சுது. நமக்கு அப்படியா? ‘போனா’, ‘வந்தா’ன்னு வினையிலயே பால் ஒட்டிக்கிட்டு வருது. ‘அவரு’ன்னு சொல்லச் சொன்னா ஆம்பளையாக்கிடுதாவ. ‘அவங்க’ன்னு சொன்னா டிவி பேச்சு மாதிரி இருக்குன்னு அம்மைக்குச் சிரிப்பு. ‘அப்போ அது-ன்னு சொல்லட்டா’ங்கான் தம்பி. எனக்கு அது ஒத்துவரல.

வீட்டுல எதைச் சொல்லச் சொல்லலாம்? அண்ணன் மகளுக்கு 3 வயசு, ‘அத்தை’ன்னு கூப்பிடுதா, அதுக்கு என்ன செய்ய? கூட ரெண்டு சந்தேகம்: இசக்கியம்மாள்ங்கிற பேரை மாத்தணுமா? ஆதார்ல இப்போ கை வைக்கலாமா? தெரிஞ்சவிய சொல்லுங்க.

ஏரல் வாத்தியார்:

‘அவங்க’ளைத் தேடி மெட்ராஸ் வரை போக வேண்டியதில்லை. நம்ம பக்கம் ‘அவிய’ இருக்கே. அவிய வந்தாவ, அவிய சொல்லுதாவ, அவிய நாளைக்கு வருவாவ. புருசனைப் பத்திப் பொண்டாட்டி சொல்வதும் இதுதான், டீச்சரைப் பத்திப் பிள்ளைகள் சொல்வதும் இதுதான். இதைக் கேட்டு ஆணா பெண்ணான்னு யாரும் கண்டுபிடிக்க முடியாது. அம்மைக்கும் இது டிவி பேச்சாகத் தெரியாது, அவிய வாயில் தினமும் புழங்குகிற சொல்.

‘அவரு வந்தாரு’ பேச்சில் ஆணாகத்தான் காதில் விழும், நீங்க சொன்னது சரி. எழுத்தில் அப்படி இல்லை. ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது எல்லாப் பத்திரிகையும் ‘அவர் கூறினார்’ என்றுதான் எழுதின. ஆக, பேச்சுக்கு அவிய, எழுத்துக்கு அவர். ஒரே ஆளுக்கு ரெண்டும் பொருந்தும், குழப்பம் இல்லை.

சொல்லிக்கொடுக்கும்போது ஒரு இடத்தில் சறுக்கும். நாம் பேசும்போது எழுவாயைப் பாதி நேரம் சொல்வதே இல்லை. ‘இசக்கி எங்க?’ன்னு கேட்டா ‘கடைக்குப் போயிருக்கா’ன்னு பதில் வரும். அங்கே ‘அவ’ கிடையாது, வினைதான் பாலைத் தூக்கிக்கொண்டு வருது. ‘அவிய-ன்னு சொல்லுங்க’ன்னு மட்டும் கேட்டுக்கிட்டா ‘அவிய போயிருக்கா’ன்னு பாதி புதுசும் பாதி பழசுமா வரும். அதனால பிரதிப்பெயரை விடுங்க, வினையைப் பழக்குங்க: போயிருக்காவ, தூங்குதாவ, சாப்ட்டாவ. வாய் ‘-ஆவ’க்குப் பழகிட்டா ‘அவிய’ தன்னால பின்னால வந்துரும். மற்ற வடிவங்கள் அவியளை, அவியளுக்கு, அவியகிட்ட, அவிய வண்டி. வந்தவன், வந்தவ என்பதற்குப் பதில் வந்தவிய.

இன்னொரு வழி, பால் ஒட்டாத வினைகளாகப் பார்த்து எடுத்துக்கொள்வது. தமிழில் இது நினைப்பதை விட நிறைய. ‘இசக்கி வரல’ என்பதில் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை. வரணும், வரலாம், வரட்டும், வர வேண்டாம், வந்தாச்சு எல்லாம் அப்படியே. ‘இசக்கிக்குத் தெரியும், பிடிக்கும், பசிக்குது, காய்ச்சல் அடிக்குது’ என்று நான்காம் வேற்றுமையில் தொடங்கும் வாக்கியங்களிலும் சிக்கல் கிடையாது. ‘இசக்கி வேலை பாக்கா’ என்பதை ‘இசக்கிக்கு வேலை வண்ணார்பேட்டையில’ன்னு சொன்னா வினைமுற்றே தேவைப்படாது. பால் கண்டிப்பாக வந்து நிற்பது படர்க்கை உடன்பாட்டு வினைமுற்றில்தான்: வந்தா, வாரா, வருவா. எதிர்மறையில் ‘வரமாட்டா’வை மட்டும் கவனிக்கணும், ‘வர முடியாது’ன்னு மாத்திக்கலாம்.

நேருக்கு நேர் பேசும்போது நான், நீ, நீங்க எதிலும் பால் கிடையாது. அங்கே மாட்டுவது விளிதான். ‘ஏட்டி’, ‘ஏளா’ பெண்ணுக்கு, ‘ஏல’ ஆணுக்கு. ‘மக்கா’ எல்லாருக்கும்.

இலக்கணத்தில் இடமில்லைன்னு யாராவது வந்தா, தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் 4-ஆம் நூற்பாவைப் பார்க்கச் சொல்லுங்க. ஆண்மை திரிந்தவரை உயர்திணையில் வைத்துத்தான் அது பேசுது. அவர்களுக்கென்று தனி ஈறு கிடையாது என்பதையும் அங்கேயே சொல்லிருது. ‘ஒருவர்’ இரு பாலுக்கும் பொதுன்னும் அதே அதிகாரத்தில் இருக்கு. பின்னால் வந்த நன்னூல் பேடு (ஆண்மையோ பெண்மையோ திரிந்தவர்) என்ற சொல்லுக்கு அஃறிணையையும் அனுமதிக்குது. அதைக் காட்டி யாராவது ‘அது’ன்னு கூப்பிட வந்தா, இலக்கணம் இடம் கொடுத்தாலும் ஆள் இடம் கொடுக்கலைன்னு சொன்னா போதும்.

கல்லிடை:

வாத்தியார் சொன்னதில் ஒரு ஓட்டை இருக்கு. ‘அவிய’ மரியாதைச் சொல். 24 வயசுப் பேரப்பிள்ளையைப் பத்தி எந்த ஆச்சியும் ‘அவிய வந்தாவ’ங்க மாட்டா. கேட்டா ‘எனக்கு மூத்ததா அது?’ன்னு பதில் வரும். அதனால வீட்டை ரெண்டாப் பிரிங்க. உங்களுக்கு இளையவிய, வெளியாள், அண்ணி, அக்கம்பக்கம் இவியளுக்கு அவிய. மூத்தவியளுக்குப் பேரு.

பேரு எப்படி வேலை செய்யும்னா: ‘எங்க இசக்கி இன்னும் வரல’, ‘இசக்கியைக் கூப்பிடு’, ‘இசக்கிக்கு ஒரு தோசை வை’. வாத்தியார் கொடுத்த பால் இல்லாத வினைகளோட பேரைச் சேர்த்தா ஆச்சி புதுசா ஒரு சொல்லும் படிக்க வேண்டாம். ‘என் மக’ன்னு சொல்ற இடத்துல ‘என் பிள்ளை’, ‘எங்க மூத்தது’. நம்ம ஊர்ல ரெண்டும் சாதாரணமா வாயில் வருவது.

‘மூத்தது’ன்னா ‘அது’ வந்துட்டேன்னு கேப்பீங்க. இதுல நிதானம் வேணும். ஆச்சி ‘பிள்ள சாப்ட்டுச்சா?’ன்னு கேக்கறது வேற, பஸ்ல ஒருத்தன் ‘அது எங்க போவுது பாரு’ங்கறது வேற. முதல்ல உள்ளது பாசம், ரெண்டாவது இளக்காரம். ரெண்டுலயும் வினை ஒண்ணுதான். சிலருக்கு ஆச்சி வாயில் வர்ற ‘வந்துச்சு’ கூட உறுத்தும், சிலருக்கு அதுதான் வீட்டுல கிடைக்கிற நல்ல வழி. நீங்களே தீர்மானம் பண்ணி வீட்டுல ஒரு தடவை தெளிவாச் சொல்லிருங்க: ‘பிள்ளன்னு சொல்லி வந்துச்சுன்னா பரவாயில்ல, அது-ன்னு தனியாச் சொல்லாதிய.’ தம்பிக்கு அந்த அனுமதியும் வேண்டாம். உங்களை விட இளையவன், ‘அவிய’ன்னு பழகட்டும்.

பேரு விஷயத்துல உங்களுக்கு அதிர்ஷ்டம். இசக்கி, பேச்சி, மாரி, முத்து, உலகு எல்லாம் நம்ம பக்கம் ரெண்டு பேருக்கும் பொது. இசக்கிமுத்துவும் இசக்கி, இசக்கியம்மாளும் இசக்கி. உலகநாதனும் உலகம்மாளும் வீட்டுல உலகுதான். ‘அம்மாளை’ வெட்டிட்டு இசக்கின்னு இருங்க, காகிதத்துல ஒரு எழுத்தையும் தொட வேண்டாம். குலசாமி பேரை மாத்திட்டான்னு பெரியப்பா சண்டைக்கும் வரமாட்டாவ.

இனி எப்படிச் சொல்றது. எல்லாரையும் உக்கார வச்சு அறிவிக்காதிய. கூட்டத்துல யாராவது ஒருத்தர் சிரிச்சா மத்தவியளும் அந்தப் பக்கம் சாஞ்சுருவாவ. முதல்ல ஒரே ஒரு ஆள். அதிகம் பேசற ஆளாப் பாருங்க, பெரும்பாலும் அண்ணி அல்லது சித்தி. வீட்டுப் பேச்சு அவிய வழியாத்தான் ஓடும். அவிய ‘இசக்கி வந்தாவளா?’ன்னு நாலு பேர் முன்னால ஒரு தடவை கேட்டா, நீங்க பத்து தடவை விளக்குறதை விட வேகமாப் பரவும். விளக்கம் ரெண்டு வரி போதும்: ‘என்னைப் பத்திப் பேசும்போது பேரு சொல்லுங்க, இல்லன்னா அவிய-ன்னு சொல்லுங்க. அவ, அவன் ரெண்டும் வேண்டாம்.’ ஏன்னு கேட்டா சொல்லலாம். கேக்காதவியகிட்ட இழுக்க வேண்டாம்.

திருத்தறதுல ரெண்டு தப்பு நடக்கும். விருந்தாளி முன்னால திருத்தினா அப்பாவுக்கு அது அவமானமாப் போயி, பேச்சு சொல்லை விட்டு மரியாதைக்கு மாறிரும். அப்புறம் எதையும் பேச முடியாது. விருந்தாளி போன பிறகு தனியாச் சொல்லுங்க. ரெண்டாவது, தப்பாச் சொன்னவிய அரைமணி நேரம் மன்னிப்புக் கேக்க விடாதிய. ‘அவ... அவிய வந்தாவ’ன்னு அந்த வாக்கியத்துலயே திருத்திட்டுப் போறதுதான் முறை. நீங்களும் ‘வந்தாவ’ன்னு ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்துட்டு நிறுத்திக்கோங்க. கோவத்துல பழைய சொல் திரும்பி வரும், தூக்கக் கலக்கத்துலயும் வரும். அதை வச்சு வீம்புக்குச் சொல்லுதாவன்னு முடிவு கட்ட வேண்டாம். அமைதியா இருக்கும்போதும் அதே சொல்தான்னா அப்போ பேச வேண்டியதுதான்.

சின்னப் பிள்ளைகள் வேகமாப் பிடிச்சுக்கும். ‘அத்தை’க்குத்தான் மாத்துச் சொல் கிடையாது. தமிழ் உறவுப் பேரு ஆணா பெண்ணான்னு மட்டும் சொல்றதில்ல, கட்டிக்கிற முறையையும் சேத்துச் சொல்லுது. அதனால பொதுவா ஒண்ணு முளைக்கவே இல்ல. ‘சித்தப்பா’ன்னு மாத்தினா அண்ணனோட பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் உள்ள முறையே வேறயாயிரும். ஒரு செல்லப் பேரு வச்சு விடுங்க, 3 வயசுக்கு அது விளையாட்டு. ‘பேட்டை ஆச்சி’, ‘டவுன் பெரியம்மை’ன்னு ஊர் பேரால கூப்பிடற வழக்கமும் இருக்கு. ஊர் பேரை மட்டும் வச்சும் சமாளிக்கலாம்.

பேட்டைப்பிள்ளை:

வாத்தியாருக்கும் கல்லிடைக்கும் நன்றி. அண்ணியைப் பிடிக்கிற யோசனை நடக்கும்னு தோணுது. கடையில வேலை பாக்கேன், அங்க ‘மேடம்’னு கூப்பிடுதாவ. அதோட ஆதார் கேள்வி இன்னும் நிக்குது.

கொக்கிரகுளம் கிளார்க்:

முதலில் ஒன்று. எந்தச் சொல்லால் உங்களைக் குறிப்பது என்பதற்குக் காகிதம் எதுவும் தேவையில்லை. தமிழ்நாட்டு அரசுப் படிவம் எதுவும் பிரதிப்பெயரைக் கேட்பதும் இல்லை, கேட்பது பாலினத்தை மட்டும். அவிய என்று கூப்பிடச் சொல்வதற்கு ஆதாரைத் தொட வேண்டாம்.

பாலினத்தையும் மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தால்: உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) வழக்கில் அளித்த தீர்ப்பு, பாலின அடையாளத்தை அவரவரே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றது. அதன் பிறகு வந்தது 2019-ஆம் ஆண்டு திருநர் (பிறப்பில் எழுதிய பாலோடு ஒத்துப்போகாதவர்) உரிமைப் பாதுகாப்புச் சட்டம். விதிகள் 2020-இல் வந்தன. இயற்றப்பட்டபோது அந்தச் சட்டத்தின் வரையறை திருநங்கை, திருநம்பியோடு நிற்கவில்லை. இரண்டிலும் அடங்காதவர்களையும் சேர்த்துக்கொண்டது. 2020 விதிகளில் நடைமுறை இப்படி இருந்தது: தேசிய இணையதளத்தில் விண்ணப்பம், கூடவே உறுதிமொழிப் பத்திரம், சான்றிதழ் தருவது மாவட்ட ஆட்சியர். ‘திருநர்’ என்ற சான்றுக்கு அப்போது மருத்துவப் பரிசோதனை கிடையாது. ஆண் அல்லது பெண் என்று மாற்றிக் கேட்டால்தான் சிகிச்சைச் சான்று வேண்டியிருந்தது. முடிவு சொல்ல 30 நாள், நிராகரித்தால் மேல்முறையீட்டுக்கு 90 நாள்.

இந்தச் சட்டம் திருத்தத்துக்கு உள்ளாவது. மேலே உள்ளது 2020 விதிகளில் இருந்தபடி. விண்ணப்பிக்கும் வாரத்தில் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் அன்றைய நிலையைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் கேட்கலாம், உதவி எண் 15100.

விண்ணப்பம் தடுமாறும் இடங்களைச் சொல்கிறேன். ஒன்று, மாவட்டம். 2020 விதிகளின்படி அந்த ஆட்சியரின் எல்லையில் 12 மாதம் தொடர்ந்து குடியிருந்திருக்க வேண்டும். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது; அங்கே உள்ளவர்கள் கொக்கிரகுளத்தில் உள்ள நெல்லை ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்து பயனில்லை. இன்னொன்று, அட்டைக் குழப்பம். திருநங்கைகள் நல வாரியம் 2008-இல் அமைந்தது, அதன் அட்டை வேறு, ஆட்சியர் சான்றிதழ் வேறு. ஒன்று கையில் இருந்தால் மற்றது தேவையில்லை என்று சிலர் சொல்லி அனுப்பிவிடுவார்கள், காதில் வாங்காதீர்கள். கடைசியாகப் பெயர் எழுத்து. சான்றிதழில் உள்ள பெயரும் மற்ற ஆவணங்களில் உள்ள பெயரும் ஒரு புள்ளி, ஒரு இனிஷியல் வித்தியாசப்பட்டாலும் அடுத்த கட்டம் நின்றுவிடும்.

ஆதாரில் பாலினத்தை வழக்கமாக ஒருமுறைதான் மாற்ற முடியும். இதனால்தான் அவசரப்படாதீர்கள் என்கிறேன். 24 வயதில் முதலில் சொல்லைப் பழக்கிப் பாருங்கள். மாற்றுவதானால் சான்றிதழ் முதலில், ஆதார் அடுத்து, பிறகு பான், வாக்காளர் அட்டை, வங்கி. ஆதாரை மாற்றிவிட்டு வங்கியை விட்டுவைத்தால் கேஒய்சி (வாடிக்கையாளர் விவரம்) புதுப்பிக்கும் நேரத்தில் கணக்கு முடங்கலாம். பெயரையும் மாற்றினால் அரசிதழ் அறிவிப்பும் கேட்கப்படலாம், பழைய சான்றுகள் ஒவ்வொன்றோடும் அதை வைத்துக் காட்ட வேண்டிவரலாம். நீங்கள் இசக்கி என்றே இருந்துகொண்டால் அந்தச் செலவும் அலைச்சலும் மிச்சம்.

இன்னொரு விஷயம், தேவைப்படாமல் போகட்டும். வீட்டில் பிரச்சினையாகி வெளியே தங்க நேர்ந்து, ‘காணவில்லை’ என்று புகார் போனால்: சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று சுஷ்மா வழக்கில் கொடுத்த வழிகாட்டல்படி, வயது வந்த பால்புதுமையர் (ஆங்கிலத்தில் queer) தாமாகப் போனதாக வாக்குமூலம் கொடுத்தால் போலீஸ் தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும். 2022-இல் காவலர் நடத்தை விதிகளில் 24-சி சேர்ந்தது, துன்புறுத்தல் கூடாது என்று. ஸ்டேஷனில் இந்த எண்ணைச் சொல்லத் தெரிந்திருந்தால் பேச்சின் தோரணை மாறும்.

வள்ளியூர் டெஸ்க்:

கடை விஷயத்துக்கு. ‘மேடம்’, ‘சார்’ ரெண்டுக்கும் மாற்றா புதுச் சொல் தேட வேண்டாம், முதலாளியும் சகாக்களும் பேரைச் சொல்லட்டும். வாடிக்கையாளரைத் திருத்தப் போகாதீங்க, அவிய ரெண்டு நிமிஷத்துல போயிருவாவ. மாத்த வேண்டியது தினமும் உங்களைப் பத்திப் பேசற நாலு பேரை. பேர் பட்டை குத்தற கடைன்னா அதுல ‘இசக்கி’ன்னு மட்டும் போடச் சொல்லிக் கேளுங்க, செல்வி, குமாரி வேண்டாம். வேலை போயிரும்கிற நிலைமைன்னா அங்க ஒண்ணும் பேசாம வீட்டோட நிறுத்திக்கிறதுல தப்பே இல்ல.

எழுத்துல: மாணவன், மாணவிக்குப் பதில் மாணவர். தோழன், தோழிக்குத் தோழர். ஊழியர், ஆசிரியர், விற்பனையாளர் ஏற்கெனவே பொது. மகன், மகளுக்குப் பிள்ளை. கல்யாணப் பத்திரிகையில ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ பகுதியில திரு, திருமதி, செல்வி போடற இடத்துல முன்னொட்டே இல்லாம பேர் மட்டும் போட்டா யார் கண்ணுக்கும் உறுத்தாது. அச்சகத்துல டிசைன் பண்றவிய தானா ‘செல்வி’யைச் சேத்துருவாவ, புரூஃப் பாக்கும்போது அந்த வரியைத் தனியாப் பாருங்க. இந்த விஷயத்துக்கான தமிழ்ச் சொற்களுக்குத் தமிழ்நாடு அரசு 2022-இல் அரசிதழில் ஒரு சொற்பட்டியலே வெளியிட்டிருக்கு. திருநர், பால்புதுமையர், ஊடுபால் (ஆங்கிலத்தில் intersex) எல்லாம் அதுல உண்டு, செய்திக்கோ கடிதத்துக்கோ அதை எடுத்துக்கலாம்.

ஒரு சின்ன மறுப்பு, வாத்தியாருக்கு. ‘அவிய’ எல்லா வீட்டுலயும் ஒரே மாதிரி ஓடாது. கன்னியாகுமரி எல்லையைத் தாண்டினா ‘அவ்வொ’, மதுரைப் பக்கம் ‘அவுக, வந்தாக’. உறவு அங்க இருந்தா அந்த ஊர்ச் சொல்லையே எடுத்துக்கிடச் சொல்லுங்க, நம்ம சொல்லைத் திணிக்க வேண்டாம். இதே நிலையில இருக்கிற எல்லாருக்கும் ‘அவிய’ பிடிக்கும்னும் இல்ல. ‘அவன்’னே கூப்பிடுங்கிறவியளும் உண்டு, ஆளுக்கு ஆள் மாத்திச் சொல்லச் சொல்றவியளும் உண்டு. கேட்டுட்டுச் சொல்றதுதான்.

பேட்டைப்பிள்ளை:

ஒண்ணே ஒண்ணு. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனா ஓபி சீட்டுல என்ன சொல்ல?

கல்லிடை:

சீட்டுல ஆதார்ல உள்ளதையே சொல்லுங்க. ஸ்கேன், மாத்திரை, காப்பீடு எல்லாம் அதோடதான் ஒத்துப் பாப்பாவ, அங்க மாறினா நீங்கதான் மறுபடி வரிசையில நிக்கணும். டாக்டர்கிட்ட உள்ள போனதும், ‘என்னை இசக்கின்னு கூப்பிடுங்க’ன்னு சொல்லுங்க. உடம்பு சம்பந்தமா அவிய கேக்கறதுக்கு (மாதவிலக்கு, ஹார்மோன் மாத்திரை எடுத்தா அது) மறைக்காமச் சொல்லிரணும், மருந்தோட அளவு அதைப் பொறுத்துத்தான். வெளியில நர்ஸ் சத்தமாப் பேர் கூப்பிடும்போது ‘இசக்கியம்மாள்’ன்னுதான் வரும். அது சங்கடம்னா, டோக்கன் நம்பரைச் சொல்லிக் கூப்பிடுங்கன்னு முன்னாடியே கேட்டுக்கலாம். மனசு சம்பந்தமாப் பேசணும்னா 14416, இலவசம், தமிழ்லயே பேசலாம்.